ஒயர்கூடையில அரிவாள் இருந்தா கேஸ் ஆகுமா?

வக்கீல்னு என்கிட்ட யோசனை கேட்டு கடிதம் எழுதினவங்க கீழ்ப்பழனி மலையில தாண்டிக்குடி பக்கத்து ஊர்க்காரங்க, 44 வயசு. பேர் ஊர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால அடையாளம் தெரியுற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டேன். மூணு ஏக்கர்ல காப்பியும் மிளகும், வரப்போரமா கொஞ்சம் மலைவாழையும் இருக்கு. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை, மாசம் ஒருதடவை வந்து போறார், தோட்டத்தைப் பார்த்துக்குறது முழுக்க இவங்கதான்.

போன மாசம் நிழல்மரம் கவாத்து பண்றதுக்கு முன்னாடி ரெண்டு அரிவாளை வத்தலக்குண்டு பட்டறையில குடுத்து தட்டி சாணை பிடிச்சுக்கிட்டு சாயங்கால பஸ்ல திரும்பியிருக்காங்க. முந்தின வாரம் அந்தப் பக்கம் ஒரு வெட்டுக் கேஸ் நடந்ததால அடிவாரத்துல செக்கிங். ஒயர்கூடையில காய்கறிக்கு அடியில அரிவாள் இருந்ததும் இறங்கச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ராத்திரி எட்டரை வரைக்கும் உட்கார வச்சிருக்காங்க. ஒரு வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு, அரிவாளை வச்சுக்கிட்டு, "போங்க, கூப்பிட்டா வரணும்"னு அனுப்பிட்டாங்க. ரசீது எதுவும் குடுக்கல. அன்னைக்கு மேல பஸ் இல்லாம சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு மறுநாள் காலையிலதான் வீடு வந்திருக்காங்க.

இது ஒண்ணு. ரெண்டாவது, திண்டுக்கல்ல காலேஜ் படிக்கிற 19 வயசு மகன் ஆன்லைன்ல ஒரு மடக்குக்கத்தி வாங்கி பேக்ல வச்சிருக்கான். கேட்டா, "மூணு இஞ்சுக்குக் கீழ இருந்தா சட்டப்படி கேஸே கிடையாதும்மா, காட்டுமாடு வர்ற வழியில நடந்து வர்றேன், ஒரு பாதுகாப்பு வேணாமா"ங்குறான். மூணாவது, வர்ற கிராமசபையில "பொது இடத்துல யாரும் கத்தி, அரிவாள் வச்சிருக்கக் கூடாது"ன்னு தீர்மானம் போடணும்னு ஒரு பக்கம், "எங்க அரிவாளைக் கேட்க நீங்க யாரு"ன்னு இன்னொரு பக்கம் ஊரே ரெண்டா நிக்குது. மகளிர் குழு சார்பா இவங்க பேசணுமாம். "நான் எந்தப் பக்கம் பேசுறது ஐயா, என் மேல கேஸ் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல"ன்னு முடிச்சிருக்காங்க.

சகோதரி, முதல்ல ஒரு விஷயம். நீங்க செஞ்சது குற்றம் இல்ல. கடிதத்துல மூணு இடத்துல "நான் தப்பு பண்ணிட்டேனோ"ன்னு எழுதியிருக்கீங்க, அந்த வார்த்தையை விட்டுடுங்கம்மா. தோட்டத்துக்காரங்க தோட்டத்து அரிவாளைப் பட்டறைக்குக் கொண்டு போய் வர்றது தப்புன்னு நம்ம நாட்டுச் சட்டம் எங்கேயும் சொல்லல.

ஆயுதச் சட்டம், 1959ல வந்தது, "ஆயுதம்"னா என்னன்னு அதோட ரெண்டாவது பிரிவுலயே சொல்லிடுது. தாக்குறதுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமா செஞ்ச பொருள், கூர்மையான மத்த கொலைக்கருவிகள் எல்லாம் அதுல வரும். ஆனா வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமேன்னு செஞ்ச பொருள் அதுல வராதுன்னு அங்கேயே விலக்கும் குடுத்திருக்கு. கவாத்து அரிவாள், கதிர் அறுக்குற பண்ணருவா, வீட்டு அருவாமனை எல்லாம் அந்த விலக்குலதான் நிக்குது.

அடுத்தது நீளம். 2016ல வந்த ஆயுத விதிகள்ல ஒரு அட்டவணை இருக்கு. அதுல வாள், குத்துவாள், ஈட்டியோட சேர்த்து, 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்குற கத்திகளையும் சொல்லியிருக்கு. அங்கேயும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்த மாதிரி கத்தியை வச்சிருக்க லைசென்ஸ் வேணும்ங்குறது நாடு முழுக்க தானா அமலாகுற சட்டம் இல்ல. ஆயுதச் சட்டத்தோட நாலாவது பிரிவுப்படி ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு அரசிதழ்ல அறிவிப்பு வரணும், வந்தாத்தான் அந்தப் பகுதியில அந்த வகை ஆயுதத்துக்கு லைசென்ஸ் கேட்க முடியும். யாராவது "நம்ம ஏரியாவுல தடை இருக்கு"ன்னு சொன்னா சண்டை போட வேணாம், "அந்த அறிவிப்போட நகல் குடுங்க"ன்னு பணிவா கேளுங்க, போதும்.

அந்த மூணு இஞ்சு எங்கேருந்து வந்துச்சு

உங்க நாத்தனார் மகள் இங்கிலாந்துல நர்ஸா இருக்குறதா எழுதியிருந்தீங்க, பையன் அவகிட்ட கேட்டுத்தான் சொல்லியிருப்பான்னு நினைக்கிறேன், ஏன்னா அந்த மூணு இஞ்சு அந்த ஊர்ச் சட்டம். இங்கிலாந்துல 1988ல வந்த ஒரு குற்றவியல் சட்டத்தோட 139வது பிரிவு, தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல கூர்மையான பொருள் வச்சிருந்தா அதுவே குற்றம்னு சொல்லுது. விலக்கு ஒண்ணே ஒண்ணு, மடக்கக்கூடிய சின்ன பாக்கெட் கத்தி, அதோட அலகு மூணு இஞ்சுக்குள்ள இருக்கணும். விரிச்சதும் லாக் ஆகுற கத்திக்கு இந்த விலக்கு கிடையாதுன்னு அங்க கோர்ட்டே சொல்லிடுச்சு. உங்க பையன் கத்தி லாக் ஆகுற வகைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ லண்டன்லயே அவன் மாட்டியிருப்பான், நாலு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. சமையல் கத்தியை சும்மா பேக்ல போட்டுக்கிட்டு சுத்தினாலும் அங்க அதே பிரிவுதான். வேலைக்குக் கொண்டு போறேன், மத வழக்கம், பாரம்பரிய உடையோட பாகம், இந்த மாதிரி காரணத்தை வச்சிருக்கவங்கதான் நிரூபிக்கணும். பொதுவா பயமா இருக்கு, தற்காப்புக்கு வச்சிருக்கேன்னா பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க.

நம்ம சட்டம் அப்படி இல்ல. இங்க எல்லா ஊருக்கும் பொதுவா "கத்தி கையில இருந்தாலே குற்றம்"னு ஒரு பிரிவு கிடையாது. டெல்லியில 1980ல ஒரு அறிவிப்பு போட்டாங்க, பட்டன் கத்தி 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் அதுக்கு மேலயும் இருந்தா கட்டுப்பாடுன்னு. கணக்குப் பார்த்தா 7.62 செ.மீன்னா அதே மூணு இஞ்சுதான், ஆனா அது டெல்லிக்கு மட்டும். அந்த அறிவிப்பை வச்சு ஒருத்தர் மேல போட்ட கேஸை 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. தயாரிக்கிறதுக்கோ விக்கிறதுக்கோ வச்சிருந்தார்னுதான் அந்த அறிவிப்பு கேட்குது, அப்படி ஒரு குற்றச்சாட்டே குற்றப்பத்திரிகையில இல்லையேன்னு சொல்லித்தான் ரத்து பண்ணாங்க. கத்தி எத்தனை இஞ்சுன்னு அளந்து பார்த்துட்டு நம்ம கோர்ட் நிக்கிறதில்ல, எதுக்காக அது அவன்கிட்ட இருந்துச்சுன்னு கேட்குது.

ஆனா இதை வச்சு "அப்போ எதை வேணா வச்சுக்கலாம்"னு பையன் முடிவு பண்ணிடக் கூடாது. அதே ஆயுதச் சட்டத்துல 20வது பிரிவு இருக்கு. லைசென்ஸ் இருக்கோ இல்லையோ, ஒருத்தர் ஆயுதம் கொண்டு போற விதத்தையும் நேரத்தையும் பார்த்து இவர் சட்டவிரோதமா எதுக்கோ போறார்னு நியாயமான சந்தேகம் வந்தா வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். போலீஸ் மட்டும் இல்ல, ரயில்லயும் வண்டியிலயும் வேலை பார்க்குறவங்களுக்குக் கூட அந்த அதிகாரம் குடுத்திருக்கு. அதுபோக பதற்றமான நேரத்துல பி.என்.எஸ்.எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 163வது பிரிவுல (பழைய 144தான் இது) கலெக்டரோ வருவாய்க் கோட்டாட்சியரோ தடை உத்தரவு போட்டா, அந்த உத்தரவுல ஆயுதம் கொண்டு போகக் கூடாதுன்னு இருந்தா, அது உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். சாதாரணமா ரெண்டு மாசம் வரைக்கும் அது அமல்ல இருக்கலாம்.

ஸ்டேஷன்ல நடந்ததுல எது சரி எது தப்பு

"போலீஸ் பண்ணது எல்லாமே சட்டவிரோதம்தானே"ன்னு கேட்டிருக்கீங்க. எல்லாமே இல்லம்மா. முந்தின வாரம் ஒரு வெட்டுக் கேஸ் நடந்திருக்குறப்போ பஸ்ஸை நிறுத்தி கூடையைப் பார்க்குறது அவங்க வேலை. காய்கறிக்கு அடியில ரெண்டு அரிவாள் இருந்தா கேள்வி கேட்கத்தான் செய்வாங்க. குற்றத்துல தொடர்பு இருக்கலாம்னு சந்தேகம் வர்ற பொருளைக் கைப்பத்த பி.என்.எஸ்.எஸ் 106ல அதிகாரமும் இருக்கு. நீங்க பட்டறை விவரம் சொல்லி, அங்க ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், அதை ராத்திரி எட்டரை வரைக்கும் இழுத்ததுதான் எனக்கு வருத்தமா இருக்கு.

தப்புன்னு நான் பார்க்குறது இதெல்லாம்தான். கைப்பத்தினா பட்டியல் எழுதணும், சாட்சி கையெழுத்து இருக்கணும், பி.என்.எஸ்.எஸ் 105 வந்ததுக்கு அப்புறம் அதை வீடியோவும் எடுக்கணும், மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போகணும். ஒண்ணுமே இல்லாம அரிவாளை வாங்கி மூலையில வச்சுட்டா அது கைப்பத்தினது ஆகாது. இன்னொண்ணு, நீங்க ஒரு பெண். விசாரணைக்கு சாட்சியா கூப்பிடணும்னா பெண்ணை அவங்க இருக்குற இடத்துக்கே வந்துதான் கேட்கணும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கைதுன்னே வச்சுக்கிட்டாலும், விதிவிலக்கான சூழ்நிலை இல்லாம சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் பெண்ணைக் கைது பண்ணக் கூடாது, அப்படிப் பண்றதா இருந்தாலும் பெண் அதிகாரி மூலமா, மாஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கித்தான். உங்களை சோதனை போடணும்னா அதுவும் இன்னொரு பெண்தான் போடணும். இது எதையும் அன்னைக்கு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

அந்த வெள்ளைத்தாள். உண்மையைச் சொல்லணும்னா இந்தக் கடிதத்துல எனக்கு உறுத்துறது அதுதான். அதுல பின்னாடி என்ன வேணா எழுதலாம். பயமுறுத்துறதுக்காகச் சொல்லல, இன்னைக்கே ஒரு பதிவை உண்டாக்கிடணும்ங்குறதுக்காகச் சொல்றேன். டி.எஸ்.பிக்கு ஒரு மனு எழுதுங்க, நகலை எஸ்.பிக்கு போடுங்க. என்னைக்கு, எந்த பஸ், எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும், எந்தப் பட்டறை, எத்தனை அரிவாள், எழுதாத தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, ரசீது குடுக்கலன்னு நடந்ததை மட்டும் எழுதுங்க, யாரையும் திட்டி ஒரு வரி கூட வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேர்ந்ததுக்கு ஒப்புகை கேட்டு அனுப்புங்க. என் மேல எஃப்.ஐ.ஆரோ சி.எஸ்.ஆரோ (ஸ்டேஷன்ல புகாரைப் பதிவு பண்ணின ரசீது) இருந்தா நகல் வேணும், இல்லன்னா என் விவசாயக் கருவியைத் திருப்பிக் குடுங்கன்னு கடைசியில கேளுங்க. கேஸ் இல்லாம இருந்தா பெரும்பாலும் இந்த மனு போன உடனேயே கூப்பிட்டுக் குடுத்துடுவாங்க. கைப்பத்தினதா மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போயிருந்தா பி.என்.எஸ்.எஸ் 503ல அதே கோர்ட்ல மனுப் போட்டு வாங்கலாம். அதுக்கு வக்கீல் வைக்கக் காசு இல்லையேன்னு யோசிக்காதீங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல திண்டுக்கல் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு நேரா போங்க.

இனிமே அரிவாள் கொண்டு போறப்போ சாக்குல சுத்தி சணல் போட்டுக் கட்டுங்க. காய்கறிக்கு அடியில வைக்காதீங்க, கூடையில மேலயே இருக்கட்டும். மூட்டையா கட்டினா வேலைக்குக் கொண்டு போறது தெரியும், அடியில போட்டா ஒளிச்சு வச்ச மாதிரி தெரியும், போலீஸ் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெருசு. பட்டறையில ஒரு துண்டுச்சீட்டுலயாவது தேதி போட்டு எழுதி வாங்குங்க, பட்டா நகல் ஒண்ணு கூடையில கிடக்கட்டும். பட்டா இருந்தா போலீஸ் தொடவே முடியாதுன்னு உங்க பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது சரி இல்ல, அது ஒரு ஆதாரம், அவ்வளவுதான். போற வழியில திருவிழாக் கூட்டத்துலயோ துக்கவீட்டுலயோ கூடையோட போய் உட்காராதீங்க.

பட்டறைக்காரர் உங்க பேரு, போன் நம்பர், எதுக்குன்னு நோட்டுல எழுதினதுக்குக் கோவப்பட்டிருக்கீங்க. 2021 செப்டம்பர்ல டி.ஜி.பி சைலேந்திர பாபு இருந்தப்போ தமிழ்நாடு முழுக்க ரவுடிகளைத் தேடிப் பிடிச்சாங்களே, அப்போ அரிவாள் செய்யுற பட்டறைகளுக்கும் விக்கிற கடைகளுக்கும் வாங்குறவங்க விவரத்தை எழுதி வைக்கச் சொன்னாங்க. எனக்கு அது நல்ல ஏற்பாடாத்தான் தெரியுது. அன்னைக்கு யாராவது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருந்தா உங்களுக்கு அதுவே சாட்சியா நின்னிருக்கும்.

காட்டுப் பாதையில போறப்போ

நீங்க கேட்காத ஒண்ணைச் சொல்லியே ஆகணும். உங்க தோட்டத்துக்குப் போற ஒத்தையடிப் பாதை கொஞ்ச தூரம் சரணாலயத்துக்குள்ள போகுதுன்னு போகிற போக்குல எழுதியிருக்கீங்க. 2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சதுக்கு அப்புறம் நம்ம மலையில நிறைய பாதைக்கு அந்த நிலைமைதான். அங்க ஆயுதச் சட்டம் பேசுற விலக்கெல்லாம் எடுபடாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல "ஆயுதம்"ங்குற வார்த்தைக்குள்ள கத்தின்னு பேர் சொல்லியே போட்டிருக்கு, வலை, கண்ணி, விஷத்தோட சேர்த்து. எழுத்து மூலமா அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னு 31வது பிரிவு. மீறினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ரேஞ்சர் ஆபீஸ்ல தோட்ட விவரம், பாதை, கொண்டு போற கருவி எல்லாம் எழுதிக் குடுத்து அனுமதி கேளுங்க, தனியா போகாம அந்தப் பாதையில போற எல்லாருமா சேர்ந்து போனா சீக்கிரம் நடக்கும். ரோடு வழியா சுத்திப் போக முடியும்னா அனுமதி வர்ற வரைக்கும் அரிவாளோட அப்படியே போங்க.

காட்டுமாடுன்னு பையன் சொல்றதும் இங்கதான் வருது. உயிரைக் காப்பாத்திக்க நல்லெண்ணத்தோட ஒரு மிருகத்தைக் காயப்படுத்தினா அது குற்றம் இல்லன்னு அதே சட்டத்துல 11வது பிரிவு இருக்கு, உண்மைதான். ஆனா ஆயிரம் கிலோ காட்டுமாட்டுக்கு முன்னாடி ஒரு மடக்குக்கத்தி என்ன பண்ணும்? மலையில பொறந்து வளர்ந்த அவனுக்கு அது தெரியாதா? டார்ச் லைட்டும், தூரத்துலயே சத்தம் குடுக்குறதும், மாடு நின்னா நாமும் நின்னு வழி விடுறதும்தான் நம்ம ஆளுங்க காலங்காலமா பண்றது. அந்தக் கத்தி காட்டுமாட்டுக்கு இல்லம்மா. யாரோ ஒரு பையனை நினைச்சு பயந்து வாங்கியிருக்கான், இல்ல கூட இருக்குறவன் வச்சிருக்கான்னு வாங்கியிருக்கான். அது எதுன்னு நீங்க திட்டாம கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நான் 22 வருஷமா கிரிமினல் பக்கம் கேஸ் பார்க்குறேன். கத்திக்குத்துல மாட்டுன சின்னப் பையன்களோட நான் பேசினப்போ "குத்தணும்னு போகல சார், இடுப்புல இருந்துச்சு"ன்னு சொன்னவங்கதான் அதிகம். பஸ் ஸ்டாண்டுல தோள்பட்டை இடிச்சதுக்கு, ஒரு ஸ்டேட்டஸுக்கு, கிரிக்கெட் மேட்ச்ல ஒரு அவுட்டுக்கு. கையில ஒண்ணும் இல்லன்னா நாலு கெட்ட வார்த்தையோட, கிழிஞ்ச சட்டையோட வீட்டுக்கு வந்திருப்பான். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினதை மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒருநபர் குழுவே போட்டாங்க. அன்னைக்கு டிவியில அந்தச் செய்தியைப் பார்த்துட்டு என் பையன் ஸ்கூல் பேக்கை நானும் திறந்து பார்த்தேன்.

தற்காப்பு உரிமை பத்தியும் அவன்கிட்ட சொல்லுங்க. பி.என்.எஸ்ல (பழைய ஐ.பி.சிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 34லேருந்து 44 வரைக்கும் அந்த உரிமை இருக்கு, நிஜமான உரிமை, ஆனா அது தாக்குதல் வர்ற அந்த நொடிக்கானது. தேவைக்கு மேல போய் அடிச்சா அந்தப் பாதுகாப்பு போயிடும். வரப்போற சண்டைக்கு இன்னைக்கே கத்தி வாங்கி வைக்கிறதுக்கு அதுல இடமே இல்ல. போலீஸ்கிட்ட "பாதுகாப்புக்கு வச்சிருக்கேன் சார்"னு சொன்னான்னு வைங்க, இது வேலைக்கான கருவி இல்ல, ஆளை அடிக்க வச்சிருக்கேன்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி எழுதிடுவாங்க. உங்க அரிவாளைக் காப்பாத்துற விலக்கு அவன் கத்தியைக் காப்பாத்தாது. அதை எடுத்துக் காட்டி மிரட்டினாலே பி.என்.எஸ் 351, கொல்லுவேன்னு மிரட்டினா ஏழு வருஷம் வரைக்கும். லேசா கிழிச்சாலும் 118, மூணு வருஷம் வரைக்கும். கவர்ன்மெண்ட் வேலை, போலீஸ் வேலைன்னு எழுதியிருக்கீங்க, வெரிஃபிகேஷன்ல இதெல்லாம் வந்து நிக்கும்.

கிராமசபையில என்ன பேசலாம்

தடை கேட்குறவங்க பக்கம் ஒரு அம்மா இருக்காங்க, அவங்க பையனைத்தான் சந்தையில குத்துனாங்கன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அவங்க பேசட்டும், குறுக்க யாரும் பேசாம பார்த்துக்குங்க. "கத்தி இல்லாம இருந்திருந்தா என் பையனுக்கு இப்படி ஆகியிருக்காது"ன்னு அவங்க சொல்றது முழுக்க உண்மை. "அரிவாள் எங்க பரம்பரை உரிமை"ன்னு பதில் சொல்றவங்க அந்த அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமான்னு யோசிக்கணும்.

அதைச் சொல்லிட்டும் நான் முழுத் தடைக்கு எதிர்ப்புதான். முதல்ல, பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் இல்ல. ஆயுதங்கள்ங்குறது அரசியலமைப்புல மத்திய பட்டியல்ல 5வதா இருக்கு, ஊர்த் தீர்மானம் போட்டு ஒரு புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது, தீர்மானத்தை மீறினான்னு அபராதம் போட்டா அதுவே தப்பாயிடும். அதிகாரம் இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்வேன். இங்கிலாந்து மாதிரி சட்டம் நம்ம மலைக்கு வந்தா என்ன ஆகும்னு பாருங்க. அங்கேயும் வேலைக்குன்னா விலக்கு இருக்கு. நம்ம ஊர்ல மிளகு பறிக்கிறவர், வாழைத்தார் வெட்டுறவர், விறகுக்குப் போறவங்கன்னு பாதி ஊர் அந்த விலக்குலதான் வரும். அப்போ யாரைப் பிடிப்பாங்க? காரணத்தை நிரூபிக்கிற வேலை நம்ம தலையில விழுந்தா, பேசத் தெரிஞ்சவர், ஆள் செல்வாக்கு இருக்கிறவர் நிரூபிச்சுடுவார். கிழங்கு தோண்டவும் தேன் எடுக்கவும் போற பளியர் பழங்குடிக் குடும்பங்கள் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கும். வன உரிமைச் சட்டம் 2006ல வந்து, சிறு வனப்பொருள் சேகரிக்கிற உரிமையை அவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கு. பட்டா வச்சிருக்குற உங்களையே எட்டரை மணி வரைக்கும் உட்கார வச்சவங்க அவங்களை எப்போ விடுவாங்க?

சட்டம் யாரோட வழக்கத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு இருக்குன்னும் இல்ல. சீக்கியர்கள் கிர்பான் வச்சிருக்குறது அவங்க மத உரிமையில சேர்ந்ததுன்னு அரசியலமைப்பு 25வது பிரிவு விளக்கத்துலயே இருக்கு. ஒரு பொருள் ஒருத்தருக்கு என்னவா இருக்குன்னு பார்க்குற பழக்கம் நம்ம சட்டத்துக்கு ஏற்கனவே இருக்கு, அதை விட்டுட்டு நீளத்தை அளக்குற சட்டம் கேட்குறது பின்னாடி போறது மாதிரிதான் எனக்குப் படுது.

அதனால ரெண்டு பக்கமும் கையெழுத்து போடுற மாதிரி ஒரு தீர்மானம் எழுதிட்டுப் போங்க. சந்தைநாள்லயும் திருவிழாவுலயும் வேலைக்கு இல்லாம யாரும் அரிவாள், கத்தியோட கூட்டத்துக்குள்ள வர்றதில்லன்னு ஊர் தனக்குத்தானே ஒத்துக்குற கட்டுப்பாடு, அபராதம் கிடையாது. சந்தைக்குக் கருவி வாங்க, சாணை பிடிக்க வர்றவங்களுக்கு அதைக் கட்டி வைக்க சந்தைமேட்டுல ஒரு இடம். பஸ் ஸ்டாப்பிலேருந்து மேல வர்ற பாதைக்குத் தெருவிளக்கு, ராத்திரி கடைசி பஸ் நேரத்துல போலீஸ் ரோந்து வேணும்னு கோரிக்கை. விவசாயக் கருவி கொண்டு போறவங்களை சோதிச்சா ரசீது குடுக்கணும், பெண்களை இருட்டுற வரைக்கும் ஸ்டேஷன்ல வைக்கக் கூடாதுன்னு எஸ்.பிக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நடந்ததை அந்தக் கூட்டத்துல நீங்களே சொல்லலாம், சொல்ல மனசு இல்லன்னா சொல்ல வேண்டியதில்ல, தீர்மானம் மட்டும் போதும்.

பையன் கத்தியை ஆத்துல வீசச் சொல்லாதீங்க, ஒளிச்சும் வைக்காதீங்க. காலேஜ் பேக்லேருந்து எடுத்து வீட்டு அடுப்படியில போடுங்க, இஞ்சி பூண்டு நறுக்கட்டும். அடுத்த தடவை அவன் ஊருக்கு வர்றப்போ கடைசி பஸ்ஸுக்கு நீங்களோ பக்கத்து வீட்டுக்காரங்களோ டார்ச்சோட ஸ்டாப் வரைக்கும் போய் கூட்டிட்டு வாங்க. டி.எஸ்.பி மனுவை மட்டும் தள்ளிப் போடாதீங்க, இந்த வாரத்துக்குள்ள தபால்ல சேர்த்துடுங்க, ஒப்புகை வந்ததும் அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. பதினஞ்சு நாள்ல அரிவாள் வீட்டுக்கு வரலன்னா கோர்ட் மனுவை நானே எழுதித் தர்றேன்.